உழுபொறியும் நிலத்தியல்பும்

‘டிராக்டர்’ என்னுஞ் சொல் இலத்தீன் மொழியில் இழுத்தல் என்னும் பொருளுடைய வினையடியினின்று பிறந்தது என்பர் மொழிநூலார். பெயரிட்டோர் பொருத்தமாகவே இட்டனர். அப்பொறியின் வயிற்றில் எரியும் எண்ணெய் எத்துணை ஆற்றலை உண்டாக்கினும், அவ்வாற்றல் தானே நிலத்தை உழுவதில்லை. சக்கரம் மண்ணைப் பற்றி இழுக்கும் இழுவையே உழுகின்றது. மண் பிடிகொடாதாயின், 35 குதிரைத்திறனும் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புழுதி கிளப்புவதன்றி வேறொன்றுஞ் செய்யமாட்டா. நாற்சக்கரங்களிலும் விசை செல்லும் புதிய பொறிகள் இக்குறையை ஓரளவு மறைத்துவிடும். பின்னிரு சக்கரங்களால் மட்டும் இயங்கும் பழைய டிராக்டர்களோ மறைக்கமாட்டா. ஆயினும் அவை பழையன என்பதனாலேயே பயனற்றன என்று தள்ளுதல் முறையன்று. மண்ணுக்கேற்ற சக்கரமும் சக்கரத்துக்கேற்ற கலப்பையும் பூட்டினால் அவை இன்றும் செவ்வையாக உழும். அவ்வியைபு யாதென விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

விதைக்கிறவன் உவமையில் நால்வகை நிலங்கள் கூறப்படுதலை நாம் அறிவோம். நம் திருநெல்வேலிச் சீமையிலும் நிலவகைக்குக் குறைவில்லை. (1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியுமுன் ஒன்றாயிருந்த பரப்பையே ஈண்டுச் சீமை என்கின்றேன்.) கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கங்களிற் கரிசல், சாத்தான்குளம், திசையன்விளை பக்கங்களிற் செம்மணல் தேரி, தாமிரபரணிப் பாசனத்தில் நன்செய் வயல். வாடகைக்கு ஓடும் ஒரே டிராக்டர் ஓராண்டிற்குள் இம்மூன்றிலும் இறங்குதல் கூடும். மூன்றிலும் ஒரே டயர், ஒரே காற்று, ஒரே கலப்பை என்று உழுதால், நட்டம் மணிக்கணக்கிற் கூலி கொடுக்கும் உழவர் தலையில் விழும்.

மண்ணின் வலிமை இருகூறுடையது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டியவர் பிரான்சு நாட்டுப் பொறியியலறிஞர் கூலோம். ஒன்று, துகளோடு துகள் உராயும் உராய்வு; மற்றொன்று, துகளோடு துகள் ஒட்டி நிற்கும் ஒட்டு. மணலில் உராய்வே பெரிது, ஒட்டு இல்லையென்றே கூறலாம். ஈரக்களியில் ஒட்டே பெரிது, உராய்வு மிகச் சிறிது. உராய்வு பாரத்தோடு வளரும். ஒட்டோ மண்ணைத் தொடும் பரப்போடு வளரும். ஆகவே மணலில் இழுவை வேண்டுமாயின் சக்கரத்தின்மேற் பாரம் ஏற்றுக. ஈரக்களியில் வேண்டுமாயின் சக்கரம் மண்ணைத் தொடும் பரப்பைப் பெருக்குக. களியிற் சறுக்கும் டிராக்டரின்மேல் ஆட்களை ஏற்றிப் பாரங்கூட்டும் வழக்கம் பயனற்றது மட்டுமன்று, கேடுமாம். பிடி கூடாது; வண்டி ஆழப் புதையும்; அடிமண் இறுகும்; ஏறினோர் விழுந்து சக்கரத்தில் அகப்படவுங் கூடும்.

பிடி போதுமா என்பதைக் கண்ணால் மதிப்பிடுதல் அரிது, அளத்தல் எளிது. பின் டயரிற் சுண்ணாம்பினால் ஒரு கோடிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையிற் சக்கரம் 10 சுற்றுச் சுற்றுங்கால் வண்டி கடக்குந் தொலைவை அளந்துகொள்க. பின்னர் அதே நிலத்திற் கலப்பையை இறக்கி உழுதுகொண்டே 10 சுற்று ஓட்டி அளக்க. முன்னது 40 மீட்டரும் பின்னது 35 மீட்டரும் ஆயின், சறுக்கல் நூற்றுக்குப் பன்னிரண்டரை. உழவில் 10 முதல் 15 வரை இருத்தல் நன்று. பின்னது 28 மீட்டரே ஆயின் சறுக்கல் 30. அஃதாவது, சக்கரம் சுற்றிய சுற்றிற் பத்தில் மூன்று பங்கு டயரைத் தேய்த்ததன்றி வேறொன்றுஞ் செய்யவில்லை. சறுக்கலே இல்லையெனின் அதுவும் நன்றன்று. வேண்டாத பாரத்தை வண்டி சுமக்கின்றது என்பதே அதன் பொருள். ஒரு சுண்ணாம்புக் கட்டியும் ஓர் அளவுநாடாவுமே இச்சோதனைக்குரிய கருவிகள். டிராக்டரை வாடகைக்கு அமர்த்தும் ஒவ்வொருவரும் இதனை ஒருமுறையேனும் செய்து பார்த்தல் வேண்டும் என்பது என் துணிபு.

தேரியிலிருந்து தொடங்குவோம். இங்குப் பாரம் வேண்டும். ஆனால் அப்பாரம் ஒரு சிறு இடத்தில் அழுந்தினாற் சக்கரம் மணலுக்குள் இறங்கிவிடும். எனவே பின் டயரின் உட்குழாயில் முக்காற்பங்கு நீர் நிரப்பிப் பாரங்கூட்டி, டயர் செய்தோர் குறித்த வரம்பிற்குட் காற்றைக் குறைத்து, அடியை அகலப்படுத்தல் வேண்டும். தேய்ந்த டயர் தேரிக்குக் குற்றமன்று. புதுப்பற்கள் மணலைத் தோண்டித் தம்மைத் தாமே புதைத்துக்கொள்ளும். கலப்பையைப் பொறுத்தவரை இலேசான கொழுக்கலப்பையே போதும். ஆடிக்காற்று மணலை அள்ளிச் செல்லும் இந்நிலத்தில் ரோட்டவேட்டரால் மண்ணை மாவாக்குதல் பெருந்தவறு.

கரிசலோ இதற்கு நேர்மாறானது. கோடையிற் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகும். மழையிற் குழைந்து கால் வைத்தால் விடாது. அங்குக் கலப்பையின் அகலமே முதற்கேள்வி. வரப்புக்கலப்பை, சட்டிக்கலப்பை எதுவாயினும் அது வெட்டும் மண்ணின் குறுக்குப்பரப்பிற்கேற்ப இழுவை வேண்டும். தோராயமாகச் சொன்னால், மணற்பாங்கான நிலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம். கடுங்களியில் 700 கிராம். 60 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமுமாக உழுதால் பரப்பு 900. மணலில் 180 கிலோ இழுவை போதும். களியில் 630 கிலோ வேண்டும். பின்னச்சில் 1,100 கிலோ பாரம் விழும் ஒரு டிராக்டர் கெட்டி நிலத்தில் அதிற் பாதியளவு, அஃதாவது 550 கிலோ, இழுக்கும் எனக் கொண்டால், மணலில் விளையாட்டாக ஓடிய அதே கலப்பை கரிசலில் வண்டியை நிறுத்திவிடுவதில் வியப்பென்ன? குறை எஞ்சினில் இல்லை. ஒரு கொழுவைக் கழற்றுவதோ, ஆழத்தைக் குறைத்து இருமுறை உழுவதோ அதற்கு மருந்து.

மண்ணைப் புரட்டும் இறக்கைக்கலப்பையின் பலகையிற் கரிசல் ஒட்டிக்கொண்டு நழுவாது. சுழலும் சட்டிக்கலப்பையே அங்கு ஏற்றது. உலர்ந்து இறுகிய மண்ணிலும் அது இறங்கும். காலமும் அறிதல் வேண்டும். உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்து உள்ளங்கையில் உருட்டுக. நூலாகத் திரிந்தால் ஈரம் மிகுதி, அன்று டிராக்டரை இறக்கலாகாது, உதிர்ந்தாற் பதம். உழுத புழுதியை ஒரு பலம் கால்பலமாகுமாறு காயவிடும் முறையைத் திருக்குறள் உழவதிகாரங் கூறுதலை இவ்விடத்து நினைத்தல் தகும். கரிசற்காட்டுக் கோடையுழவின் பயனும் அவ்வுலர்ச்சியே.

ஒரு நிலத்திலேயே மண் இடத்துக்கிடம் மாறினாற் செய்வதென்ன? அதற்கு விடை கண்டவர் அயர்லாந்தில் 1884-இற் பிறந்த ஹாரி பெர்குசன். அக்கால டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியால் வண்டிபோல் இழுத்தன. கலப்பை கல்லில் மாட்டினால் முன்புறம் மேலெழுந்து, வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொல்லும். பெர்குசன் கலப்பையை மூன்று தண்டுகளால் டிராக்டரோடு பிணைத்தார். அவற்றுள் ‘டாப்லிங்க்’ என நம் ஓட்டுநர் வழங்கும் மேல்தண்டு இழுவையின் மிகுதியை உணர்ந்து ஹைட்ராலிக்குக்கு அறிவிக்க, அது கலப்பையைச் சிறிதே உயர்த்தும். கலப்பையின் பாரமும் பின்சக்கரத்திற் சேர்ந்து பிடி கூடும். 1946-இலிருந்து 1956 வரை இங்கிலாந்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட அவருடைய சிறு டிராக்டர் இம்முறையினாலேயே தன் எடைக்கு மீறிய வேலை செய்தது. 1960-இற் சென்னையிற் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் வண்டிகளும் இம்மரபினவே. இருக்கையருகே இதற்கெனத் தனி நெம்புகோல் உண்டு. அதனைத் தொடாமல், கலப்பையின் உயரத்தை மட்டும் காக்கும் மற்றை நெம்புகோலாலேயே உழுது, ‘பழைய வண்டி, இழுக்கவில்லை’ என்போர் பலர்.

நன்செய்த் தொளியில் டயர் மட்டும் போதாது. ‘கேஜ்வீல்’ என வழங்கும் இரும்புக் கூண்டுச்சக்கரம் வேண்டும். அது பரப்பைப் பெருக்கி வண்டியைத் தாங்குவதோடு சேற்றையுங் கலக்கும். ஆனால் வண்டியை உண்மையில் தாங்குவது சேற்றுக்கடியிற் பல்லாண்டு உழவால் இறுகிய கெட்டித்தட்டு. நீரைத் தேக்குவதும் அதுவே. நிலக்கடலைச் செவலில் அதே தட்டு வேரைத் தடுக்கும். மூன்றாண்டுக்கொருமுறை உளிக்கலப்பையால் அதனைக் கீறுதல் நலம். அவ்வுளிக்கலப்பையை நெல்வயலிற் செலுத்தினாலோ அடுத்த பூவில் டிராக்டர் அச்சுவரை புதையும்.

புதைந்தபின் செய்யும் பிழை உயிரையே வாங்கவல்லது. சக்கரத்தில் மரத்துண்டைக் கட்டி முன்னோக்கி ஓட்டுவர் சிலர். மரம் மாட்டிச் சக்கரம் சுழலமாட்டாதபோது, சுழற்றும் விசை வண்டியின் உடலைத் தூக்கும். முன்புறம் எழுந்து பின்னே கவிழ நொடிப்பொழுதே ஆகும். பாதுகாப்பு வளைவில்லாத பழைய டிராக்டரில் ஓட்டுநர் தப்புதல் அரிது. கலப்பையைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் பின்புறத்துச் சேற்றை மண்வெட்டியால் அகற்றி, பின்னோக்கியே மெல்ல ஓட்டி வெளியேறுதல் வேண்டும். அதற்கும் அசையாதாயின், வேறொரு டிராக்டரை வரப்பின்மேல் நிறுத்தி, அதன் பின்னச்சின் உயரத்துக்குக் கீழேயுள்ள இழுகொக்கியில் நீண்ட கயிறு பூட்டி இழுக்கச் செய்க; அப்போது கயிற்றருகே எவரும் நிற்கலாகாது.