உள்ளூராட்சி ஆவணங்களும் மக்களின் தகவல் உரிமையும்

பிரதேச சபையொன்றின் கோப்பைப் பார்வையிட விண்ணப்பிப்பது எவ்வாறு என்பது ஆய்விதழொன்றுக்கு உரிய பொருள்தானா எனச் சிலர் ஐயுறக்கூடும். இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள எமக்கு அவ்வையம் எழவில்லை. எழுத்தின் சமூகப் பயன்பாடு பற்றிப் பேசுவோர் கந்தோர்ப் பதிவேட்டை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஒருவர் செலுத்தவேண்டிய சோலைவரி எவ்வளவு, அவரது ஒழுங்கை எப்போது செப்பனிடப்படும், சந்தையில் அவரது கடை எவ்வளவு குத்தகைக்கு விடப்படும் என்பனவெல்லாம் அந்த எழுத்திலேயே தீர்மானமாகின்றன. அதன் அதிகாரம் எந்தக் காவியத்துக்கும் வாய்த்ததில்லை. ஆனால் அதனை வாசிக்கும் வாய்ப்பு, அதனால் ஆளப்படுவோருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டே வந்துள்ளது.

குடியேற்றவாத ஆட்சியின் இயல்பு இதில் தெளிவாகவே புலப்படும். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ என்னும் நாவலில், சேனைப் பயிர்ச்செய்கைக்கான அனுமதிப் பத்திரமே ஏழைக் குடியானவனின் வாழ்வையும் அழிவையும் நிர்ணயிக்கும் கருவியாகின்றது. பத்திரத்தைக் கையாள்பவன் கிராமத் தலைவன். அதன் மொழியும் விதிகளும் குடியானவனுக்கு அந்நியமானவை. அந்த ஆட்சியின் உள்ளிருந்தே எழுதியவரது சாட்சியம் என்ற வகையில் இது எமது கவனத்துக்குரியது.

அதிகாரி வர்க்கத்தின் பொதுப் பண்பு இரகசியமே என மார்க்ஸ் 1843இல், ஹெகலின் அரசு பற்றிய கோட்பாட்டை விமர்சித்தபோதே சுட்டிக்காட்டினார். சுதந்திரம் பெற்ற பின்னரும் எமது நாட்டில் அப்பண்பு மாறவில்லை. 1955இல் இயற்றப்பட்ட அரசாங்க இரகசியங்கள் சட்டமும், அரச ஊழியரின் வாயைக் கட்டிய தாபன விதிக்கோவையும் பழைய மரபையே பேணின. ‘பெரியவரைக் கேட்க வேண்டும்’, ‘அது உள்ளகக் கோப்பு’ என்னும் பதில்களைச் சபைக் கந்தோர்களின் முன்மேசையில் கேளாதவர் எம்மிடையே குறைவு.

தகவல் உரிமை என்பதை மேனாட்டுத் தாராளவாதம் நன்கொடையாக வழங்கிய ஒன்று என முற்போக்காளர் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. இது பொருத்தமற்ற ஒதுக்கலாகும். 1990களில் இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில் இக்கோரிக்கையை எழுப்பியோர் குறைந்த கூலி பெற்ற கிராமத்துத் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் ஆவர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பின்கீழ்த் திரண்ட அவர்கள், பொது வேலைகளின் வரவுப் பதிவேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் பகிரங்கப்படுத்தக் கோரினர். அவற்றை ஊர் நடுவே உரத்து வாசித்தபோது, வேலைசெய்யாதோரின் பெயர்களும் கட்டப்படாத கட்டடங்களும் வெளிப்பட்டன. கூலிப் போராட்டம் ஆவணப் போராட்டமாக மாறிய அந்த அனுபவமே 2005ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் பின்னணியில் நின்ற சக்திகளுள் ஒன்று.

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம், தகவல் பெறும் உரிமையை 14அ என்னும் உறுப்புரையின் மூலம் அடிப்படை உரிமையாக்கியது. அதனையடுத்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய மூன்றும் அச்சட்டம் கூறும் பகிரங்க அதிகாரசபைகளே. வேறு சட்டங்கள் எதனைக் கூறினும், முரண்பாடு ஏற்படுமிடத்து இச்சட்டமே மேலோங்கும். எனவே ‘தாபன விதிக்கோவை இடந்தராது’ என்னும் பழைய பதில் இன்று செல்லாது.

விண்ணப்பத்தின் முறையை நோக்குவோம். ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நியமிக்கப்படாதவிடத்து நிறுவனத்தின் தலைவரே அலுவலராகக் கருதப்படுவார். அவருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ‘ஆர்.ரி.ஐ. 01’ என்னும் படிவம் உண்டு. ஆயின் அதுதான் வேண்டும் என வற்புறுத்த முடியாது, சாதாரண கடிதமே போதுமானது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதனை எழுத்திற் பதிவது அலுவலரின் கடமை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதிக்கு மட்டுமே விதிக்கப்பட்ட கட்டணம் அறவிடப்படலாம். எதற்காகத் தகவல் தேவைப்படுகின்றது எனக் கூறவேண்டிய அவசியமும் இல்லை. இவ்விறுதி விதியை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ‘உனக்கு எதற்கு இது?’ என்னும் வினா, கேட்பவரின் சாதியையும் வர்க்கத்தையும் அளந்து பார்க்கும் வினாவாகவே எமது கந்தோர்களில் இருந்து வந்துள்ளது. கடிதத்தைக் கையளித்தவுடன், பெற்றுக்கொண்டமைக்கான எழுத்துமூல அத்தாட்சியைக் கேட்டு வாங்குதல் அவசியம். அதில் உள்ள திகதியே பின்வரும் காலவெல்லைகள் அனைத்துக்கும் ஆதாரமாகும்.

எவரிடம் கேட்பது என்பதில் நேரும் குழப்பம் சிறியதன்று. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. முன்னது மக்கள் தெரிவுசெய்யும் மன்றம். பின்னது மத்திய அரசின் நிருவாகக் கிளை. காணி அனுமதிப் பத்திரம், நிவாரணப் பட்டியல் ஆகியவை செயலகத்துக்கு உரியன. ஒழுங்கை, வடிகால், சந்தை, மயானம், கட்டட அனுமதி, குப்பை அகற்றல் முதலியன சபைக்கு உரியன. வீதியிலும் இப்பிரிவினை உண்டு. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை. சபைக்கு எஞ்சுவன கிராமிய வீதிகளே. ஒரே கடிதத்தை இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்புவதில் தவறில்லை. எந்த நிறுவனம் ‘எமதன்று’ என எழுத்தில் கூறுகின்றது என்பதும் ஒரு தகவலே.

எதனைக் கேட்பது என்பதே விண்ணப்பத்தின் உயிர்நிலை. மலையகத் தோட்டமொன்றின் லயன்களுக்குச் செல்லும் பாதையை எடுத்துக்கொள்வோம். ‘எமது பாதை ஏன் திருத்தப்படவில்லை?’ எனக் கேட்டால், ‘நிதி கிடைத்ததும் கவனிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியே விடையாகும். சட்டம் வழங்குவது ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் பெறும் உரிமையை. அபிப்பிராயத்தைப் பெறும் உரிமையை அன்று. ஆகவே பதிவுகளைப் பெயர் சுட்டிக் கேட்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்ட நிதி எவ்வளவு. வேலைக்கான மதிப்பீடு எது. கேள்விப்பத்திரம் கோரப்பட்டதா, ஒப்பந்தம் எவருக்கு, எத்தொகைக்கு வழங்கப்பட்டது. முடிக்கப்பட்ட வேலையை அளந்த பதிவு எங்கே. கொடுப்பனவுச் சீட்டுகளின் பிரதிகள் எங்கே. அவ்வேலை பற்றிய தீர்மானம் இடம்பெற்ற சபைக் கூட்ட அறிக்கை எது. இவ்வாறு கேட்கும்போது ஆவணங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். மதிப்பீட்டில் உள்ள நீளமும் அளவீட்டில் உள்ள நீளமும் வேறுபடுமாயின், பாதையை அடியளந்து பார்க்கும் தொழிலாளிக்கு அதற்குமேல் விளக்கவுரை தேவைப்படாது.

மேற்கூறிய உதாரணத்தை நாம் தற்செயலாகத் தெரிந்தெடுக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம். சபை அவரது பாதைக்குக் கல் போடுவதற்கோ தயங்கியது. 2018இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. திருத்தத்தின் பின்னர் ஒவ்வொரு சபையும் தோட்ட வட்டாரங்களுக்கு உண்மையில் எவ்வளவு செலவிட்டது என்பதை அவற்றின் கணக்கேடுகளே சொல்ல வேண்டும். அவற்றை ஆண்டுவாரியாகக் கேட்டுப் பெற்று ஒப்புநோக்குவது மலையகம் பற்றிய ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கும் வேலையாகும்.

இங்கு மொழிப் பிரச்சினை குறுக்கிடுகின்றது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தின்படி வடக்கு, கிழக்கில் பொதுப் பதிவுகளைத் தமிழிலும், ஏனைய மாகாணங்களிற் சிங்களத்திலும் பேணுவதே பொது விதி. நுவரெலியாவிலோ பதுளையிலோ உள்ள சபையின் கோப்பு சிங்களத்தில் இருத்தல் இயல்பு. ஆயினும் அங்கு வாழும் தமிழர், சபையுடன் தமது மொழியில் தொடர்புகொள்ளவும், தாம் பெறுவதற்கு உரித்துடைய ஆவணத்தின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ அம்மொழியிற் பெறவும் 22ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது. எனவே விண்ணப்பத்தில் ‘தகவலைத் தமிழில் வேண்டுகின்றோம்’ என்னும் வரியைச் சேர்த்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்பது உண்மையான இடர்ப்பாடே. ஆனால் அது மறுப்புக்கான சட்டபூர்வ காரணமாகாது.

இன்னுமொரு வரையறையும் உண்டு. இவ்வுரிமை பிரசைகளுக்கே உரியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் பிரச்சினை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைவுகொள்வோர்க்கு, ‘பிரசை’ என்னும் சொல்லின் கனம் விளங்கும். உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர்க்குக் குறையாதோர் பிரசைகளாயின், ஒரு சங்கமும் விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கங்கள் இதனைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது எமது கருத்து. தனித் தொழிலாளி கேட்பின் கங்காணியின் கண்ணும் தவிசாளரின் கண்ணும் அவர்மேல் விழும். சங்கம் கேட்பின் பழிவாங்கல் அத்துணை எளிதன்று. சபைகளிற் பல்லாண்டு தற்காலிகமாகவே துப்புரவுப் பணியாற்றுவோர், தம்முள் எவர் எந்த அடிப்படையில் நிரந்தரமாக்கப்பட்டனர் என்பதை அறிய நியமன ஒழுங்கையும் மூப்புப் பட்டியலையும் சங்கத்தின் வழியாகக் கோரலாம்.

மறுப்பதற்கும் சட்டம் இடமளிக்கின்றது. தேசிய பாதுகாப்பு, வணிக இரகசியம், தனிப்பட்ட தகவல் முதலியன 5ஆம் பிரிவிற் கூறப்பட்டுள்ளன. சபை மட்டத்தில் அடிக்கடி கையாளப்படத்தக்கது தனிப்பட்ட தகவல் என்னும் காரணமே. ஒருவரது நோய் விபரம் அதில் அடங்கும். பொதுநிதியிலிருந்து ஒப்பந்தகாரர் பெற்ற தொகை எவ்வாறு அடங்கும்? விதிவிலக்குக்கு உட்பட்டதாயினும், வெளியிடுவதன் பொதுநலன் அதனால் நேரும் தீங்கை விஞ்சுமாயின் மறுத்தல் ஆகாது. ஆவணத்தின் ஒரு பகுதி மட்டும் விலக்குக்குரியதாயின் அதனை நீக்கி எஞ்சியதைத் தருதல் வேண்டும். மறுப்பு எதுவாயினும் காரணத்துடன் எழுத்திலேயே அமைதல் வேண்டும்.

தேடிய கோப்பே இல்லை என்னும் விடை இவற்றினும் கொடியது. நூலகம், மயானம், சந்தை என மக்களின் நினைவைப் பேணும் பல இடங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலேயே உள்ளன. 1981 யூன் முதலாந் திகதி விடியுமுன் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமும் மாநகர சபைக்கு உரியதே. யுத்தத்தில் அழிந்தவற்றை எச்சட்டமும் மீட்டுத் தராது. ஆனால் கறையானுக்கும் கவனயீனத்துக்கும் இரையாகுபவற்றுக்கு அவ்விலக்கு இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவுகளை அத்திகதியிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளும், பின்னர் உருவானவற்றை உருவான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டுகளும் பேணுதல் வேண்டும் என 7ஆம் பிரிவு விதிக்கின்றது. பழைய பதிவுகளுக்கான பாதுகாப்பின் எல்லை 2027ஆம் ஆண்டு. கிராமச் சபைக் காலத்து ஏடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பின், அவற்றின் பட்டியலையேனும் அதற்கு முன்னர் கேட்டுப் பெறுவது வரலாற்று மாணவர்களின் கடன். இவ்வாறே, 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து 2025 மே 6ஆந் திகதித் தேர்தல்வரை பெரும்பாலான சபைகள் உறுப்பினரின்றி இயங்கிய காலத்தின் செலவுக் கோப்புகளும் தனியே கேட்கத்தக்கவை. அக்காலத்தில் சபையிற் கேள்வி எழுப்ப எவரும் இருக்கவில்லை.

காலவெல்லைகளைக் கவனத்திற் கொள்ளல் நன்று. தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தமது முடிவை அறிவித்தல் வேண்டும். வழங்குவதாக முடிவாயின் மேலும் 14 நாள்களுக்குள் வழங்குதல் வேண்டும். பதிவுகள் மிகப் பலவாயின் இக்காலம் 21 நாள்களுக்கு மேற்படாது நீடிக்கப்படலாம். உயிர் அல்லது ஆட்சுதந்திரம் பற்றியதாயின் 48 மணித்தியாலமே எல்லை. மறுப்போ மௌனமோ அரைகுறை விடையோ கிடைப்பின், 14 நாள்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையிடலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். முதல் மறுப்பைத் தந்த கட்டடமே இம்மேன்முறையீட்டையும் விசாரிப்பதால், இப்படிநிலையிற் பெரும் நம்பிக்கை வைத்தற்கில்லை. எனினும் இதனைத் தாண்டாது அடுத்ததற்குச் செல்லல் இயலாது. அடுத்தது கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. அதற்கு இரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்துக்கு இணங்கவே நடந்தோம் என நிறுவும் பொறுப்பு அங்கு சபையின் மேலதாகும். ஆணைக்குழுவின் முடிவிலும் திருப்தியுறாதவர் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். வேண்டுமென்றே பதிவை அழித்தவரோ பொய்த் தகவல் அளித்தவரோ நீதவான் முன்னிலையிற் குற்றவாளியாகக் காணப்படின், 50,000 ரூபாவுக்கு மேற்படாத குற்றப்பணமோ இரண்டாண்டுக்கு மேற்படாத மறியலோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.