காலேஜ் தெரு: படமும் வாழ்வும்

ஒரு தெருவைக் காணாதவர் மனத்திலும் அத்தெருவைப் பற்றிய ஓர் உருவம் நிலவுவதுண்டு. முற்காலத்தில் இவ்வுருவத்தை நூல்களும் பாடல்களும் அமைத்தன. இன்று சமூக ஊடகங்களில் பரவும் நிழற்படங்களே பெரும்பாலும் அமைக்கின்றன. இம்மாற்றத்தால் விளையும் நன்மையையும் குறையையும் அறிந்துகொள்ளக் கொல்கத்தாவின் காலேஜ் தெரு தக்க சான்றாகும்.

புத்தகச் சந்தையின் வளர்ச்சி

1817ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுப் பின்னர் பிரசிடென்சி கல்லூரியாக வளர்ந்த இந்துக் கல்லூரி, 1824இல் தோன்றிய சமஸ்கிருதக் கல்லூரி, 1835இல் நிறுவப்பெற்ற மருத்துவக் கல்லூரி, 1857இல் உருவான பல்கலைக்கழகம் ஆகியவை இப்பகுதியில் நிலைபெற்றன. மாணவர் தொகை பெருகவே பதிப்பகங்களும் பழைய நூற்கடைகளும் பெருகின. 1942இல் ஆல்பர்ட் மண்டபத்தில் தொடங்கிய காபி ஹவுஸ் 1958 முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் நடந்து வருகிறது. 1980களில் மன்னா தே பாடிய பாடலொன்று அதன் புகழை வங்காளி மக்கள் வாழும் இடமெங்கும் பரப்பிற்று.

படம் காட்டாதவை

சமூக ஊடகப் படங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுவன அடுக்கிவைத்த பழைய நூல்கள், மஞ்சள் நிற வாடகைக் கார், காபி ஹவுஸின் உயர்ந்த கூடம் போன்ற சில காட்சிகளே. கடைக்காரர்களின் அன்றாட வருவாய்க்குப் பெரிதும் துணைநிற்கும் பாடநூல்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் அவற்றில் இடம்பெறுவது அரிது. படம் எடுக்க வருவோர் அனைவரும் நூல் வாங்குவோரும் அல்லர்.

எனினும் இப்படங்களின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2020 மே 20 அன்று வீசிய அம்பன் புயலின்போது, ஏற்கெனவே ஊரடங்கால் அடைபட்டிருந்த கடைகளில் வெள்ளம் புகுந்தது. நீரில் மிதந்த நூல்களின் படங்களைக் கண்டு பலரும் முன்வந்து நிதி திரட்டினர். தொலைவில் இருந்தோரையும் இத்தெருவுக்கு உரியவராக்கியது அப்படமே.

ஆனால் 2025 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் வரை நகரின்மீது 250 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டியது. துர்க்கா பூசையை எதிர்நோக்கியிருந்த வேளையில் அதே தெருவில் நூல்கள் மீண்டும் நனைந்தன. அதே போன்ற படங்கள் மீண்டும் பரவின.

திட்டமிடுவோர் கருதவேண்டியது

இரங்கும் உள்ளங்களைப் படம் ஒன்றுதிரட்டுகிறது. நனைந்த நூல்களின் விலையில் ஒரு பகுதியும் அதனால் ஈடாகலாம். மழைநீர் வடிகால், தரைமட்டத்திற்கு மேல் உயர்த்திய சேமிப்பிடம், சிறு வணிகருக்கு ஏற்ற காப்பீடு ஆகியவை நகராட்சியும் அரசும் வணிகர் சங்கங்களும் கூடிச் செய்யவேண்டியவை. தெருவின் தொன்மையைக் காக்கத் திட்டமிடும்போது முகப்புச் சுவர்களுக்கு வண்ணம் தீட்டுவதோடு நின்றுவிட்டால், படத்தில் தெரியும் தெருவே காக்கப்படும். கடையின் கீழ்த்தட்டில் உள்ள பாடநூற்கட்டு நனையாதிருக்க வழிசெய்தால்தான் புத்தகத் தெரு புத்தகத் தெருவாகவே நிலைக்கும்.