கணினி ஆட்டத்தில் பால்மரக் காடு



தோட்டத்திலேயே குடியிருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டு அருகிலுள்ள தாமானுக்குக் குடிபெயர்ந்திருந்தாலும் சரி, நம் பிள்ளைகள் கணினியின் முன் உட்கார்ந்து ஆடுவதை நாம் எல்லாரும் பார்க்கிறோம். அது என்ன ஆட்டம் என்று கேட்டால் பிள்ளைக்கு விளக்கத் தெரிவதில்லை. பொறுமையாகக் கேட்க நமக்கும் நேரம் இருப்பதில்லை. இன்றைய உரையில் அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தைப் பற்றி நிதானமாக அறிந்துகொள்வோம். நமக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதிலே ரப்பர் வருகிறது. காட்டை அழித்துச் சாலை போடும் தொழிலாளியும் வருகிறார்.

ஆட்டத்தின் பெயர் 'சிவிலைசேஷன்'. நாகரிகம் என்று பொருள். சிட் மையர் என்பவர் புரூஸ் ஷெல்லி என்பவருடன் சேர்ந்து அமெரிக்காவில் உருவாக்கிய இந்த ஆட்டம் 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. அதன் பிறகு வரிசையாகப் பல பதிப்புகள் வந்தன. ஏழாவது பதிப்பு 2025இல் வெளியானது. நாம் இன்று பேசப்போவது 2001இல் வந்த மூன்றாம் பதிப்பையும், அதற்கு 2003இல் வந்த 'கான்குவெஸ்ட்ஸ்' என்ற விரிவாக்கத் தொகுப்பையும் பற்றியது. பழைய ஆட்டமாயிற்றே என்று எண்ண வேண்டாம். பழைய கணினியிலும் ஓடும் என்பதால் இது இன்றும் ஆடப்படுகிறது. மேலும், ரப்பருக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்தது இந்த மூன்றாம் பதிப்புதான்.

முதலில், இது எப்படிப்பட்ட ஆட்டம் என்று பார்ப்போம். தாயம் ஆடும்போது ஒருவர் காய் நகர்த்தி முடித்த பிறகுதானே அடுத்தவர் உருட்டுகிறார்? சதுரங்கமும் அப்படித்தான். இதுவும் முறை வைத்து ஆடும் ஆட்டமே. கை வேகம் இதற்குத் தேவையில்லை, யோசனைதான் தேவை. ஆடுபவர் ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தலைவர். கி.மு. 4000இல் ஓர் ஊரை நிறுவி ஆட்டத்தைத் தொடங்குகிறார். தொடக்கத்தில் ஒரு முறை என்பது 50 ஆண்டுகள். காலம் செல்லச் செல்ல அது குறைந்து, கடைசியில் ஒரு முறைக்கு ஓர் ஆண்டு என்று ஆகிறது. இப்படி 540 முறைகளில் கி.பி. 2050 வரை போகலாம். இதற்கிடையில் ஊர்கள் கட்ட வேண்டும், கல்வியை வளர்க்க வேண்டும், அண்டை நாடுகளோடு வாணிகமோ போரோ செய்ய வேண்டும்.

அடுத்து, விரிவாக்கத் தொகுப்பு என்றால் என்ன? லயத்து வீட்டுக்குப் பின்னால் நம்மவர்கள் தகரம் போட்டு ஓர் இறக்கு கட்டுவார்கள். அந்த இறக்குக்குத் தனியாகச் சுவர் கிடையாது. வீட்டுச் சுவரைத்தான் அது நம்பி நிற்கும். ஆனால் அது வந்த பிறகு குடும்பத்துக்கு இடம் கூடும். விரிவாக்கத் தொகுப்பும் அதுபோன்றதே. தனியாக ஓடாது; மூல ஆட்டம் இருந்தால்தான் ஓடும். ஆனால் மூல ஆட்டத்தில் இல்லாத நாடுகளையும் விதிகளையும் அது சேர்க்கும்.

மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது அதில் 16 மக்களினங்கள் இருந்தன. 2002இல் வந்த முதல் தொகுப்பு இன்னும் 8 இனங்களைச் சேர்த்தது. 'கான்குவெஸ்ட்ஸ்' மேலும் 7 இனங்களைக் கொண்டு வந்தது. சுமேரியர், ஹிட்டைட்டுகள், பைசாந்தியர், மாயர், இன்கா, போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் ஆகியோரே அந்த எழுவர். கடைசி இருவரும் நமக்குப் புதியவர்கள் அல்லர். 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் போர்த்துக்கீசியர். 1641இல் அவர்களிடமிருந்து அதைப் பறித்தவர்கள் டச்சுக்காரர்கள்.

இந்தத் தொகுப்பின் சிறப்பு, அதிலுள்ள ஒன்பது வரலாற்றுக் காட்சிகள். மெசப்பொட்டேமியா, ரோமாபுரியின் எழுச்சி, ரோமாபுரியின் வீழ்ச்சி, ஐரோப்பாவின் இடைக்காலம், மெசோ அமெரிக்கா, கடல்வழி கண்ட காலம், உள்நாட்டுப் போர்க் காலத்து ஜப்பான், நெப்போலியன் காலத்து ஐரோப்பா, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதி என்று அவை அமைந்துள்ளன. பிள்ளை இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலத்துக்குள்ளே நுழைந்து ஆடலாம். சரித்திரப் பாடநூலில் ஒரு பத்தியாக வருவது இங்கே பல மணி நேரத்து யோசனையாக விரிகிறது. இதை நாம் குறைவாக மதிக்கக் கூடாது.

இப்போது ரப்பருக்கு வருவோம். மூன்றாம் பதிப்பில் குதிரை, இரும்பு, வெடியுப்பு, நிலக்கரி, எண்ணெய், ரப்பர், அலுமினியம், யுரேனியம் ஆகிய எட்டும் நாட்டின் வலிமையைத் தீர்மானிக்கும் மூலப்பொருள்கள். ரப்பர் முதலில் கண்ணுக்குத் தெரியாது. மாற்று உதிரிபாகங்கள் செய்யும் தொழில்நுட்பத்தை நாடு கற்றுக்கொண்ட பிறகுதான், 'இந்தக் காட்டில் ரப்பர் இருக்கிறது' என்று படம் காட்டும். அந்த இடத்தைச் சாலை போட்டு ஊரோடு இணைத்தாக வேண்டும். ரப்பர் இல்லாத நாடு புதிய காலாட்படையை உருவாக்க முடியாது. டாங்கிகளுக்கு எண்ணெயும் வேண்டும், ரப்பரும் வேண்டும். ஆகவே, ரப்பர் இல்லாதவர் இருப்பவரிடம் பேரம் பேசுவார். பேரம் படியாவிட்டால் படை எடுப்பார்.

இந்தப் பாடம் உண்மையானது. பசிபிக் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போனதும், அமெரிக்கா தனக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை இழந்தது. அங்கே மோட்டார் வண்டி டயர்களைப் பங்கீட்டு முறையில் கொடுத்தார்கள்; செயற்கை ரப்பர் செய்ய அவசரமாக ஆலைகளைக் கட்டினார்கள். நம் மங்கில் சொட்டிய பால், உலகப் போரின் போக்கையே தொட்டது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆனால் ஆட்டம் சொல்லாத செய்திகளும் உண்டு. அவற்றை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ரப்பர் இங்கே தானாக முளைத்து நமக்காகக் காத்திருக்கவில்லை. அது பிரேசில் நாட்டு அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்காம் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வாணிக நோக்கோடு முதன்முதலாக ரப்பர் பயிரிட்டார். ஆட்டத்தில் ஒரே நொடியில் தெரியும் ரப்பர், நம் நாட்டில் வேர் பிடிக்க இருபது ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, காடும் நோயும் பற்றியது. ஆட்டத்தில் மழைக்காட்டை ஒட்டிய ஊரில் நோய் வந்து மக்கள் இறப்பார்கள். தொழிலாளி காட்டை அழித்துவிட்டால் அந்த நோய்க்கு இடமில்லை. மலாயாவில் நடந்தது வேறு. மலைச்சரிவுகளில் காட்டை அழித்தபோது, நிழல் போய், சிற்றோடைகளில் வெயில் பட்டது. அப்படி வெயில் படும் தெளிந்த நீரில்தான் மலேரியாவைப் பரப்பும் ஒரு வகைக் கொசு முட்டையிடுகிறது. காடு போன பிறகே காய்ச்சல் கூடியது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் இதை ஆராய்ந்தார். 1901 முதல் அங்கே வடிகால் வெட்டித் தண்ணீர் தேங்காமல் செய்து மலேரியாவைக் கட்டுப்படுத்தும் பணியில் ஈடுபட்டவர் அவர். அதுவரைக்கும் காய்ச்சலில் மாண்டவர்கள் யார்? காடு வெட்ட வந்தவர்களே.

மூன்றாவது செய்திதான் நம் நெஞ்சைத் தொடுவது. அது தொழிலாளியைப் பற்றியது. ஆட்டத்தில் தொழிலாளி என்பவர் ஒரு சின்ன உருவம். அவருக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, பிள்ளைகள் இல்லை. பயிர் வை என்றால் வைப்பார். காட்டை வெட்டு என்றால் வெட்டுவார். நாட்டுக் கஜானாவிலிருந்து அவருக்குப் பராமரிப்புச் செலவு உண்டு. ஆனால் போரில் எதிரி நாட்டுத் தொழிலாளியைப் பிடித்து வந்துவிட்டால் விதி மாறுகிறது. அவர் பாதி வேகத்தில்தான் வேலை செய்வார். அவருக்காகச் செலவு ஒன்றும் இல்லை. கணக்குப் பார்த்து ஆடும் பிள்ளை, 'அப்படியானால் பிடித்து வருவது இலாபம்தானே' என்று எண்ணக்கூடும்.

இந்தக் கணக்கை உண்மையாகவே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1942ஆம் ஆண்டிலிருந்து 1943 அக்டோபர் வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் இரயில் பாதை போட்டார்கள். பான் போங்கில் தொடங்கித் தான்பியூசயாட் வரை அது நீண்டது. நேச நாட்டுப் போர்க் கைதிகளோடு, ஆசிய நாட்டுத் தொழிலாளர்களும் பெருந்தொகையாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள். சிலர் கூலி கிடைக்கும் என்று நம்பிப் போனார்கள். பலர் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. போர்க் கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் அதைவிடப் பன்மடங்கு. காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை. ஆட்டத்தில் மட்டும் அல்ல, அங்கேயும் தொழிலாளிக்குப் பெயர் இல்லாமல் போயிற்று.

ஆட்டத்தை உண்டாக்கியவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. உலகம் முழுவதையும் ஒரு பலகையில் அடக்கும்போது மனிதர் சின்ன உருவமாகத்தான் தெரிவார். உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிரை தெரியும். நிரையில் நின்று சீவுபவரின் முகம் தெரியாது. முகத்தைக் காட்டுவது வீட்டிலுள்ளவர்களின் கடமை.

அதற்கு நாம் என்ன செய்யலாம்? பிள்ளையின் அருகில் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். 'இந்த ரப்பர் எங்கிருந்து வந்தது?' 'இந்தச் சாலையைப் போட்டவர் யார்?' 'அவர் மாலையில் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவார்?' முதல் கேள்விக்கு விடை ஆட்டத்திலேயே ஓரளவு கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் விடை உங்களிடம்தான் இருக்கிறது. தாத்தா எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் இறங்கினார், பாட்டி எத்தனை மணிக்குப் பிரட்டுக்குப் போனார் என்பவற்றைச் சொல்லுங்கள். 1910இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக ஆள் எடுப்பது நின்றது. 1938இல் உதவிப் பயணத்தில் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. உங்கள் குடும்பம் இந்த ஆண்டுகளுக்கு முன்னே வந்ததா, பின்னே வந்ததா என்று பிள்ளையோடு சேர்ந்து கணக்கிடுங்கள். கேட்டதை ஒரு கணக்குப் புத்தகத்தில் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். அவர் போன பிறகு கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இந்த ஆட்டம் ஆடுபவர்களிடம் 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று சொல்லும் பழக்கம் உலகெங்கும் உண்டு. ஒரு முறை பத்தாகி, பத்து ஐம்பதாகும். பள்ளிப் பாடம் அப்படியே கிடக்கும். ஆனால் முறை வைத்து ஆடும் ஆட்டம் நமக்காகக் காத்திருக்கும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சேமித்து வைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். ஆகையால் 'இப்போது நிறுத்த முடியாது அம்மா' என்று பிள்ளை சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. 'இன்றைக்கு இருபது முறை, அவ்வளவுதான்' என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். திட்டமிட்டு ஆடுவதைக் கற்பிக்கும் ஆட்டத்தைத் திட்டமிட்டே ஆடட்டும்.

நேயர்களே, பால்மரங்கள் நின்ற நிலங்களில் பல இன்று செம்பனைக் காடாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மங்கையும் உளியையும் பார்த்திராத பிள்ளைகள் நம் வீடுகளிலேயே வளர்கிறார்கள். அவர்கள் ரப்பரை முதன்முதலாகச் சந்திப்பது கணினித் திரையில் என்றால், அங்கேயே பேச்சைத் தொடங்குவோம். அந்தச் சின்ன உருவத்துக்கு நம் பாட்டன் பாட்டியின் பெயரை நாம் வைப்போம்.