குழந்தையின் சுபாவமும் ஷிப்டு வீடும்

பிறவியோடு வரும் குணம்

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தோன்றிய அதே 1956-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் கைக்குழந்தைகளின் சுபாவத்தை ஆராயத் தொடங்கி, 133 பேரை அவர்கள் பெரியவர்களாகும் வரை கவனித்து வந்தார்கள். பசியும் உறக்கமும் வேளை தவறாமல் வருவது, புதியவரைக் கண்டால் நெருங்குவது அல்லது ஒதுங்குவது, சிறு ஓசைக்கும் திடுக்கிடுவது முதலிய ஒன்பது இயல்புகள் சிசுப் பருவத்திலேயே குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவதை அவர்கள் கண்டார்கள். நூற்றுக்கு 40 குழந்தைகள் எளிதில் இணங்குபவை. 10 குழந்தைகள் அடம் மிகுந்தவை. 15 குழந்தைகள் மெல்ல மெல்லப் பழகுபவை. மற்றவை எவ்வகையிலும் முழுதாக அடங்காதவை. இவற்றில் எதுவும் நோயன்று. "நீ வளர்த்த லட்சணம்" என்ற ஏச்சைக் கேட்டுக் கண்கலங்கும் தாயின் குற்றமும் அன்று.

மூன்று ஷிப்டுகளின் ஊரில்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், வீட்டின் நடைமுறைக்கும் குழந்தையின் சுபாவத்துக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்ப்பதில்லை. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்கும் இந்த நெய்வேலி நகரியத்தில், நைட் ஷிப்டு முடித்து வந்த தந்தை ஜன்னலை அடைத்துப் படுக்கும் வேளையில்தான், இரண்டு வயதுப் பிள்ளை உற்சாகம் பொங்க எவர்சில்வர் தட்டைத் தரையில் தட்டி விளையாடும். ஷிப்டு மாறுவதைச் சில குழந்தைகள் லட்சியம் செய்வதில்லை. வேறு சிலவோ, சோறூட்டும் நேரம் சற்றுப் பிசகினாலும் அன்று முழுவதும் சிணுங்கும். அத்தகைய குழந்தைக்கு, தந்தை எந்த ஷிப்டில் இருந்தாலும், உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் மாறாமல் காப்பதே உத்தமம்.

ஒரு பலா இலை

நான் சென்றிருந்த குவார்ட்டர்ஸ் ஒன்றில், தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்ட நான்கு வயதுச் சிறுமியை, "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று தந்தை முன்னே இழுக்க, பாட்டி, "விடுப்பா, அவளே வருவா" என்றார். அரைமணி கழித்து, வாசலில் உதிர்ந்து கிடந்த பலா இலையொன்றைக் கொணர்ந்து என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள் அவள். மெல்லப் பழகும் குழந்தையை அதன் போக்கில் விடவேண்டும் என்பதை அந்தப் பாட்டியைவிடத் தெளிவாக எவரும் எனக்குப் போதித்ததில்லை.

சுபாவம் என்று விட்டுவிடலாகாதவை

பேசிய சொற்களைக் குழந்தை மறந்துபோவதும், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருப்பதும், கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று வாரக்கணக்கில் ஒடுங்கிப்போவதும் சுபாவத்தின் பாற்பட்டவை அல்ல. இவற்றில் ஒன்றைக் கண்டாலும், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று காத்திராமல், குழந்தை மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள்.