மாரி காலக் குளிரும் நமது வியாபாரமும்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் உப்புவெளிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளின் நடமாட்டம் குறைந்து விடுகின்றது. தை மாதம் வரை மழையும் வாடைக்காற்றும்தான். "திருகோணமலையில் ஏது குளிர்?" என்று நுவரெலியாவைப் பார்த்தவர்கள் கேட்கக்கூடும். இங்கு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது என்பது உண்மையே.

ஆனால் நமது பகுதியில் நடுக்கத்தைக் கொண்டு வருவது நனைந்த உடம்பில் படும் காற்றாகும். காற்றை விட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்தும். ஈரம் ஆவியாகும்போது மேலும் சூடு போகும். 2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நகர்ந்தபோது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிர் தாங்காமல் மாண்டன. பண்ணையாளர் பலர் ஒரே இரவில் முதலை இழந்தனர்.

ஆகவே 'உலர்ந்திருத்தல், காற்றை மறித்தல்' என்ற இரண்டையும் வைத்தே வர்த்தகர்கள் கொள்முதலைத் திட்டமிட வேண்டும். மழைக்கோட், குடை, தறப்பாள், சுடுநீர்ப் போத்தல் ஆகியவற்றைப் புரட்டாதியிலேயே வாங்கி வைப்பது நல்லது. பாதைகள் வெள்ளத்தில் மூழ்கிய பின் கொழும்பிலிருந்து சரக்கு வருமென்று எதிர்பார்க்க முடியாது. தடித்த கம்பளி உடைகளை அளவோடு எடுங்கள். மாசியில் அவை விலைபோகா. பருத்திப் போர்வையோ ஆண்டு முழுவதும் விற்கும். நனைந்த பருத்தி சூட்டைக் காக்காது, பொலியெஸ்டர் விரைவில் காயும் என்பதை வாடிக்கையாளருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கடையில் தங்கும் ஊழியர்களையும் மறந்து விடக்கூடாது. சீமெந்துத் தரையில் வெறும் பாயில் படுத்தால் தரை சூட்டை இழுக்கும். பாயின் கீழ் மட்டைப் பெட்டிகளை விரித்தாலே போதும், செலவில்லை. நனைந்து வருபவருக்கு மாற்றுச் சாரம் ஒன்றும், சூடான இஞ்சித் தேநீரும் கொடுங்கள். காய்ச்சலில் படுத்த ஊழியரால் ஏற்படும் நட்டம் இதை விடப் பெரிது.

ஓர் எச்சரிக்கை. குளிர் காய்வதற்காகக் கரி அடுப்பையோ, மின்தடையின்போது ஜெனரேட்டரையோ பூட்டிய கடைக்குள் ஒருபோதும் இயக்க வேண்டாம். அவற்றிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழிக்காமலேயே உயிரிழக்க நேரிடும்.

விடுதி நடத்துவோர், மாரியில் வரும் சொற்ப விருந்தினருக்கு உலர்ந்த துவாயும் சுடுநீரும் உறுதி செய்தால், வைகாசியில் பருவம் திரும்பும்போது அவர்களே நால்வரை அழைத்து வருவர்.