"வயசானா அப்படித்தான்..." என்று விட்டுவிடலாமா?

காலை எட்டு மணிக்கு மேல் எங்கள் அருள்புரத்தில் எந்த வீட்டை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். ஆண், பெண் எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மிச்சம் இருப்பது அப்பத்தாவும் டி.வி.யும்தான்!

அந்த அப்பத்தா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறார். சாப்பிட்ட அரை மணியில் "எனக்கு இன்னும் சோறு போடலையே" என்கிறார். சாயங்காலம் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "எங்க ஊட்டுக்குப் போகோணும்" என்கிறார். இதெல்லாம் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒருநாள் பல்லடம் ரோட்டில் வழி தெரியாமல் நின்றிருப்பார். யாராவது கூட்டி வந்து விட்ட பிறகுதான் குடும்பத்துக்கே உறைக்கும். "ஏனுங் டாக்டரு, வல்லாரை நெய் ஏதாச்சும் குடுத்தா சரியாப் போயிருமுங்களா?" என்று என்னிடம் வருவார்கள். கூடவே ஒரு வார்த்தையும் வரும். "வயசானா அப்படித்தானுங்களே!"

இந்த ஒரு வார்த்தையை எதிர்த்து உலக மேடை வரை போனவர் ஒருவர் இருக்கிறார். அவர் வெகுதூரத்துக்காரர் அல்ல. நம் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் திருச்சூர் ஜில்லாவில் குன்னங்குளம் என்று ஓர் ஊர். நோட்டுப் புத்தகத் தொழிலுக்குப் பேர்போனது. டாக்டர் ஜேக்கப் ராய் குரியகோஸ் 1992-ல் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்கு இந்த ஊரின் குருவாயூர் ரோடுதான் பல வருஷம் விலாசம். அவருடைய தந்தைக்கே இந்த மறதி நோய் வந்தது. டாக்டர் வீட்டிலேயே வந்தும், யாரிடம் போய் யோசனை கேட்பது என்று தெரியாத காலம் அது. அவரைப் போன்ற குடும்பங்களையும் மருத்துவர்களையும் ஒன்றுசேர்த்ததில் பிறந்ததுதான் அந்தச் சங்கம்.

முதியோர் மனநலம் பார்க்கும் நிபுணர்களுக்கென்று 1982 முதல் ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது. அது வேறு. ஜேக்கப் ராய் தலைமை ஏற்றது 1984-ல் ஏற்பட்ட சர்வதேச அல்சைமர் அமைப்புக்கு. தலைமையகம் லண்டன். நாட்டுக்கொரு சங்கம் என்ற கணக்கில், நோயாளியின் மகளும் மருமகளும் டாக்டர்களும் ஒரே வரிசையில் உட்காரும் இடம். 2012 முதல் 2015 வரை அவர்தான் அதன் சேர்மன்.

அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள் என்று கேட்பீர்கள். மருந்து எழுதித் தர மாட்டார்கள். அரசாங்கங்களின் கதவைத் தட்டுவார்கள்! 2012-ல் இந்த அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து, மறதி நோய் பொது சுகாதாரத்தில் முன்னுரிமை பெற வேண்டிய விஷயம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டன. 2013 டிசம்பரில் பணக்கார நாடுகள் லண்டனில் கூடி இதற்கென்றே மாநாடு நடத்தின. 2017-ல் உலக சுகாதார சபை ஒரு செயல்திட்டத்தையே ஏற்றுக்கொண்டது. கம்பெனி நடத்துகிறவர்களுக்குத் தெரியும், ஆர்டர் ஷீட்டில் ஏறாத சரக்குக்கு யாரும் நூல் வாங்க மாட்டார்கள். நோயும் அப்படித்தான். கணக்கில் ஏறினால்தான் பணம் ஒதுக்குவார்கள்.

கணக்கு எடுப்பதிலேயே ஒரு வேடிக்கை. மேல்நாட்டுச் சோதனையில் தேதி கேட்பார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத நம் அப்பத்தா நல்ல புத்தியோடு இருக்கும்போதே அதில் பெயிலாகிவிடுவார்! 1998-ல் கொச்சியில் இந்த அமைப்பின் மாநாடு நடந்தபோது பிறந்தது 'பத்துக்கு அறுபத்தாறு' என்ற ஆராய்ச்சிக் குழு. மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில். ஆராய்ச்சியோ பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. அதுதான் பெயருக்குக் காரணம். படிக்காதவர்களுக்கும் பொருந்தும் சோதனையை உருவாக்கி, 2003-ல் வெளியிட்டார்கள். வீட்டாரிடமும் விசாரிப்பது அதன் முக்கியமான பகுதி. பிறகு சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள்.

தமிழ்நாடு அதற்கு முன்பே சும்மா இருக்கவில்லை. மதுரை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வெங்கோபராவ், மதுரைக்குப் பக்கத்தில் முதியவர்களின் மனநலத்தை ஆராய்ந்து 1982-லேயே எழுதிவிட்டார். அவர் அதிகம் கண்டது மறதியை அல்ல, மனச்சோர்வை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பேசாமல், சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடக்கும் பெரியவரை "மறந்துட்டாரு" என்பார்கள். மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்தால் பழைய ஆளாக எழுந்து வருவார்!

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

சரி, வல்லாரைக்கு வருகிறேன். நான் சித்த மருத்துவன். வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் அது அல்சைமரைத் திருப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொல்பவர் என் துறைக்காரராகவே இருந்தாலும் சரி. அலோபதி மாத்திரையும் வேரோடு தீர்ப்பதில்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும். அதனால் லேகியம் கேட்டு வருகிறவர்களை நான் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறேன். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, உப்புச் சத்து இறங்குவது, வழுக்கி விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டுவது, தூக்க மாத்திரை... இவையெல்லாம் மறதி வேஷம் போட்டுக்கொண்டு வரும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். காது மந்தமும் அப்படியே. இரண்டு நாளில் திடீரென்று உளற ஆரம்பித்தால் லேகியமும் வேண்டாம், ஜாதகமும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி!

எல்லாம் பார்த்து மறதி நோய்தான் என்று ஆகிவிட்டதா? இனி வைத்தியம் பாதி அவருக்கு, பாதி பார்த்துக்கொள்பவருக்கு. கோவாவில் டாக்டர் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, வீட்டுக்கே அனுப்பி யோசனை சொல்ல வைத்தார்கள். பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் மனப்பாரம் குறைந்தது என்று 2008-ல் வெளியிட்டார்கள். நம் வீடுகளில் அந்தப் பாரம் மருமகள் தலையில். ஷிப்டு முடிந்து வந்து, "நகையைத் திருடிட்டா" என்ற பேச்சையும் அவள்தான் கேட்கிறாள். அம்மணி, அது உங்கள் மாமியார் பேசுவதில்லை, நோய் பேசுகிறது. வாதாடாதீர்கள், பேச்சை மாற்றி ஒரு டம்ளர் காபி கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது மகன் பார்த்துக்கொள்ளட்டும். மனசு தாங்காதபோது 14416-க்குப் போன் செய்யலாம். முதியோர் உதவிக்கு 14567.

இன்னொன்று. வெளியே போய் வழி தவறும் பெரியவரின் சட்டை, சேலை, ஸ்வெட்டர் எல்லாவற்றிலும் பெயரும் போன் நம்பரும் போட்ட ஒரு துணி லேபிளைத் தைத்துவிடுங்கள். லேபிள் தைப்பதை இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை!