வர்த்தகக் கடிதத்தில் ஒரு சொல்

வெளிநாட்டுக் கொள்வனவாளர்களுக்கு எழுதும் ஆங்கிலக் கடிதங்களைச் சிலர் என்னிடம் காட்டித் திருத்தம் கேட்பதுண்டு. அவற்றில் நான் காணும் பிழைகள் இருவகை. 'டிஸ்கஸ் எபவுட்' என்பதில் 'எபவுட்' தேவையில்லை. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' மிகை. இவை கண்ணை உறுத்தினாலும் அர்த்தம் மாறாது.

அர்த்தத்தையே மாற்றும் பிழைகள்தான் நட்டத்தைத் தருபவை. 30ஆம் திகதிக்குள் பணம் செலுத்துவோம் என்பதற்கு 'பை' என்ற சொல்லே வேண்டும். 'டில்' என்று எழுதினால், 30ஆம் திகதி வரை செலுத்திக்கொண்டே இருப்போம் என்றாகிவிடும்.

விலைச்சிட்டையில் விளக்கம் தேவைப்பட்டால் 'ஐ ஹேவ் எ டவுட்' என எழுதாதீர்கள். 'சந்தேகம்' என்பதை நாம் கேள்வி என்ற அர்த்தத்திலும் பாவிக்கிறோம். ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் நம்பிக்கையின்மையையே காட்டும். நேர்மையான வியாபாரி மனம் நோகலாம். 'குவெஸ்ஷன்' என்றால் போதும்.

கடன் கொடுப்பது 'லென்ட்', வாங்குவது 'பொரோ'. தமிழில் இரண்டிலும் 'கடன்' என்றே வருவதால் இவை இடம் மாறிவிடுகின்றன. அப்போது கடனாளி யார் என்பதே தலைகீழாகிவிடும்!

கடிதத்தை அனுப்புமுன், திகதியும் பணமும் வரும் வசனங்களையாவது இருமுறை வாசியுங்கள்.